பாணியும் படியும்

சில குழந்தைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், வேறு சிலர் தொட்டும் செய்தும் கற்பவர்கள் என்ற வகைப்பாடு இன்று பள்ளிக்கூடத்தோடு தொடர்புடைய எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. பயிற்சி முகாமில் கருத்தாளர் அதைப் படம் போட்டுக் காட்டுகிறார். கற்றல் செயலி விற்பவர்கள் அதையே விளம்பரமாக்குகிறார்கள். ‘என் பையனுக்குப் படித்தால் ஏறாது, வீடியோ பார்த்தால்தான் ஏறும்’ என்று பெற்றோரும் அந்த மொழியிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். இதன் கவர்ச்சிக்கு நியாயமான காரணம் உண்டு. நாற்பது குழந்தைகளுக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்துவது சரியில்லை என்ற உறுத்தல் மனசாட்சி உள்ள எந்த ஆசிரியருக்கும் இருக்கும். கரும்பலகையும் சாக்பீஸும் மட்டுமே இருந்த காலத்தில் அந்த உறுத்தலுக்கு வழியில்லை. இப்போது ஸ்மார்ட் போர்டும் டேப்லட்டும் வந்திருக்கின்றன. பார்ப்பவனுக்குப் படம், கேட்பவளுக்கு ஒலி, செய்பவனுக்கு விளையாட்டு என்று பிரித்துக் கொடுக்க இயந்திரத்தால் முடியும். ஆக, தொழில்நுட்பம் வகுப்பறைக்கு வருவதற்கான முதல் நியாயமாகவே கற்றல் பாணி முன்வைக்கப்படுகிறது. குழந்தைகள் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த வேறுபாட்டுக்கு ஈடுகொடுக்கக் கருவிகளால் முடியும் என்பதிலும் ஐயமில்லை. அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதில்தான் நாம் தவறிவிட்டோம். தவறான இடத்தை நோக்கியே கருவிகளையும் திருப்பி வைத்திருக்கிறோம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது தோன்றுகிறது.

பாணிக் கோட்பாடுகளில் அதிகம் புழங்குவது ‘வார்க்’. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸோடு சேர்ந்து 1992-ல் அதை வெளியிட்டார். பார்த்தல், கேட்டல், எழுத்தில் படித்தல், செய்தல் என்று நான்கு வழிகள். ஒரு சிறு வினாத்தாள். அதை நிரப்பினால் நீங்கள் எந்த வகை என்று தெரிந்துவிடும். இது ஒன்றுதான் என்றில்லை. இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் கணக்கெடுத்தபோது 71 கற்றல் பாணி மாதிரிகள் அகப்பட்டன. அவற்றில் செல்வாக்குள்ள 13-ஐ அவர்கள் நுணுக்கமாகப் பரிசோதித்தார்கள். பலவற்றின் வினாத்தாள்களே நம்பகமாக இல்லை. ஒரு துறையில் 71 வகைப்பாடுகள் அருகருகே வாழ்கின்றன, ஒன்று மற்றொன்றைத் தோற்கடிப்பதும் இல்லை என்றால், அங்கே அளவுகோல் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆனாலும் நம்பிக்கை குறையவில்லை. சானே டெக்கரும் குழுவும் 2012-ல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 242 ஆசிரியர்களிடம் கேட்டபோது, விருப்பமான பாணியில் கற்பித்தால் மாணவர் நன்றாகக் கற்பார் என்று ஒப்புக்கொண்டவர்கள் முறையே 93 விழுக்காடும் 96 விழுக்காடும்.

இங்கே இரண்டு கூற்றுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. குழந்தைக்கு ஒரு விருப்பம் உண்டு என்பது முதல் கூற்று. அந்த விருப்பத்துக்கு ஏற்பப் பாடத்தை மாற்றினால் கூடுதலாகக் கற்கும் என்பது இரண்டாவது. முதலாவதை மறுப்பவர் யாருமில்லை. இனிப்புப் பிடித்த குழந்தைக்கு இனிப்புத்தான் சத்து என்று சொல்லத் துணியாத நாம், படம் பிடித்த குழந்தைக்குப் படம்தான் பாடம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது கூற்றை நிரூபிக்க என்ன சான்று வேண்டும் என்பதை 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் ஆகிய நான்கு உளவியலாளர்கள் தெளிவாக வரையறுத்தார்கள். பார்த்துக் கற்பவர் என்று அறியப்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்குப் படப்பாடம், மறுபாதிக்கு ஒலிப்பாடம். கேட்டுக் கற்பவர்களையும் அப்படியே பிரியுங்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். பார்ப்பவர்கள் படத்தாலும் கேட்பவர்கள் ஒலியாலும் மேலே வந்தால்தான், அதாவது இரு சாராரின் மதிப்பெண்களை வரைபடமாக்கினால் இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொண்டால்தான், கோட்பாடு நிற்கும். இரு சாராருக்கும் படமே நன்றாக வேலை செய்தால், படம் நல்ல வழி என்று பொருள். பாணிக்கு அதில் இடமில்லை. இந்த நிபந்தனையை நிறைவேற்றும் ஆய்வுகளைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தவை மிகச் சில. அவற்றிலும் பல, கோட்பாட்டுக்கு எதிராகவே பேசின.

கணினியை வைத்தே செய்த சோதனைகள் இன்னும் நேரடியானவை. லாரா மாசாவும் ரிச்சர்ட் மேயரும் 2006-ல் மின்னணுவியல் பற்றிய ஒரு கணினிப் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். புரியாத இடத்தில் உதவி கேட்டால் சிலருக்குப் படமும் சிலருக்கு எழுத்தும் வரும்படி அமைத்தார்கள். படத்தை விரும்புகிறவர்கள் படத்தாலும் சொல்லை விரும்புகிறவர்கள் சொல்லாலும் தனியாக எதையும் ஈட்டவில்லை. படம் சேர்ந்த உதவி இரு தரப்புக்குமே பயன்படும் போக்கைத்தான் காட்டியது. பெத் ரொகோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல், ஒரே நூலைச் சிலருக்கு ஒலிநூலாகவும் சிலருக்கு மின்னூலாகவும் கொடுத்து, உடனடியாகவும் இரண்டு வாரம் கழித்தும் சோதித்தார்கள். விருப்பத்துக்கும் விளைவுக்கும் உறவில்லை. அவர்களே 2020-ல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், பார்வை வழியை விரும்பிய குழந்தைகள் படித்தறிவதிலும் கேட்டறிவதிலும் ஒருசேர முன்னே இருந்தார்கள். கேட்டுக் கற்பவர் என்று பெயரெடுத்த ஒரு குழந்தைக்கு, வாசிப்புப் பயிற்சிக்குப் பதிலாக ஒலிப்பாடத்தையே ஊட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று இந்த முடிவை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கலாம். அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது கூடுதல் வாசிப்பாகவே இருந்திருக்கக்கூடும்.

மறுதரப்பின் வலுவான சான்றையும் சொல்லிவிட வேண்டும். வர்ஜீனியா கிளின்டன்-லிசெல், கிறிஸ்டின் லிட்சிங்கர் இருவரும் 21 ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் வெளியிட்ட பகுப்பாய்வில், பாணிக்கு ஏற்பக் கற்பித்தலால் சராசரியாக ஒரு சிறிய நன்மை தென்பட்டது. அதன் அளவு 0.31. அப்படியானால் கதை முடியவில்லையே என்று கேட்கலாம். ஆனால் அதே பகுப்பாய்வில், கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டவை மொத்த அளவீடுகளில் 26 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவற்றில் நன்மை ஒரு பக்கம்தான் தெரிந்தது. அதாவது ஒரு கற்பிக்கும் முறை பொதுவாகவே நன்றாக இருந்திருக்கிறது. பாணிவாரியாக வகுப்பைப் பிரிக்கவும், மூன்று நான்கு வடிவில் பாடம் தயாரிக்கவும் ஆகும் உழைப்பை இவ்வளவு சிறிய, அரிதான நன்மை நியாயப்படுத்தாது என்றே அவர்களும் முடித்தார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால் வியப்புக் குறையும். நாம் கற்பிப்பதில் பெரும்பகுதி படமுமல்ல, ஒலியுமல்ல, பொருள். காவிரி எங்கே பிறந்து எந்த வழியாக வருகிறது என்பதை வரைபடம் இல்லாமல் யாருக்கும் விளங்கவைப்பது கடினம். கேட்டுக் கற்பவள் என்பதற்காக ஒரு சிறுமிக்கு அதைப் பாட்டாகப் பாடிக் காட்டினால், ஊர்ப் பெயர்கள் வாயில் நிற்கும். ஆறு மனத்தில் ஓடாது. ழகரத்தின் ஒலியை எந்தப் படமும் சொல்லித் தராது. பார்த்துக் கற்பவனும் அதைக் கேட்டு, நாக்கை மடித்துச் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும். கூட்டல் கணக்கில் பத்து ஒன்றுகள் ஒரு பத்தாவதைப் புளியங்கொட்டையை அள்ளிக் குவித்துப் பார்ப்பது எந்தக் குழந்தைக்கும் உதவும். வழியைத் தீர்மானிப்பது பாடப்பொருள். ஸ்மார்ட் போர்டு உண்மையில் பலன் தரும் இடமும் இதுவே. இதயம் சுருங்கி விரிவதை, நிலா வளர்ந்து தேய்வதை அசையும் படமாகக் காட்டுவது அந்தப் பொருளுக்கே உரிய வழி என்பதால் வகுப்பு முழுவதற்கும் அது நல்லது.

சொல்லும் படமும் சேர்ந்தால் தனிச்சொல்லைவிட நன்றாகப் பதியும் என்பது மேயர் பல ஆண்டுகள் சோதித்து நிறுவிய ஒன்று. அதற்கும் வரம்புகள் உண்டு. படத்தை விளக்கும் சொல் காதுக்கு வந்தால் நல்லது. அதே சொல்லைத் திரையிலும் எழுதிக் காட்டி, ஆசிரியர் அதை அப்படியே வாசிக்கவும் செய்தால், கண் இரண்டு வேலைக்கு இழுபடுகிறது. நம் ஸ்மார்ட் கிளாஸ் பாடங்கள் பலவற்றில் நடப்பது இதுதான்: திரை நிறைய வரிகள், பின்னணியில் இசை, ஓரத்தில் ஆடும் பொம்மை, மேலே வாசிக்கும் குரல். எல்லாப் பாணியையும் திருப்திப்படுத்தப் போய், எல்லாருடைய கவனத்தையும் சிதறடிக்கிறார்கள். இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு நம்மிடமே இருந்தது. திண்ணைப் பள்ளியில் குழந்தை மணலில் விரலால் எழுத்தை வரையும். வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லும். தான் வரைந்ததைத் தானே பார்க்கும். கையும் வாயும் காதும் கண்ணும் ஒரே எழுத்தின் மீது ஒரே நேரத்தில் குவிந்தன. யார் கைவழிக் குழந்தை, யார் காதுவழிக் குழந்தை என்று யாரும் பிரிக்கவில்லை. சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்க் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797-ல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இங்கிலாந்து அதை ‘மெட்ராஸ் முறை’ என்றே அழைத்தது. மணலும் ஒரு கல்வித் தொழில்நுட்பமே. எழுத எழுத அழித்துக்கொள்ளலாம், மின்னூட்டமும் வேண்டாம்.

அப்படியானால் குழந்தைகள் எதில் வேறுபடுகிறார்கள்? பாஷ்லர் கேட்ட அந்தக் குறுக்குவெட்டு உண்மையிலேயே தென்படும் ஓர் இடம் இருக்கிறது. அது முன்னறிவு. ஒரு கணக்கைப் புதிதாகக் கற்கும் குழந்தைக்கு, ஒவ்வொரு படியும் போட்டுக் காட்டிய மாதிரிக் கணக்கு நிறைய உதவும். தானே போட்டுப் பார் என்று விட்டால் திணறும். அதே கணக்கில் ஏற்கெனவே தேறிய குழந்தைக்கு மாதிரிக் கணக்கு வெறும் இடைஞ்சல். தானே போடுவதில்தான் அது வளரும். ஆஸ்திரேலியாவில் ஸ்லாவா கல்யுகா, ஜான் ஸ்வெல்லர் முதலியோர் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குச் சுமையாகிறது. பாணி ஆய்வுகளில் அரிதாகவே கிடைத்த அந்த வெட்டுக்கோடு இங்கே கிடைக்கிறது. ஆக, ஆசிரியரோ இயந்திரமோ குழந்தையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘உனக்கு எப்படிப் படிக்கப் பிடிக்கும்?’ என்பதைவிட ‘இதில் உனக்கு எதுவரை தெரியும்?’ என்பதே. பாணியைவிடப் படி முக்கியம்.

அந்தப் படிகள் நம் வகுப்பறைகளில் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையான ‘ஏசர்’ 2022-ல் தந்த கணக்கின்படி, தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 4.8 விழுக்காடு, கொரோனாவுக்கு முன் 2018-ல் அது 10.2. டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் மூவரும் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிவழிப் பயிற்சியை ஆராய்ந்தபோது, ஆறாம் வகுப்பு மாணவர் சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாகியிருந்தது. சராசரி பாதிக் கதைதான். ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்களின் நிலைகள் ஐந்தாறு வகுப்புகளுக்குப் பரந்து கிடந்தன. இந்த அறையில் ஒரு பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நடத்துகிற ஆசிரியரின் குரல் எத்தனை பேரின் தலைக்கு மேலே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாடத்தையே வண்ணப் படமாக மாற்றினாலும் அது தலைக்கு மேலேதான் போகும்.

மைண்ட்ஸ்பார்க் செய்தது என்ன? மாணவரை முதலில் சோதித்து, அவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அங்கிருந்து தொடங்கியது. விடை தவறினால் எந்த வகைத் தவறு என்று பார்த்து அதற்கேற்ற அடுத்த கேள்வியைக் கொடுத்தது. குலுக்கலில் வாய்ப்புப் பெற்றவர்களும் பெறாதவர்களுமாக 619 மாணவர்கள் ஆய்வில் இருந்தார்கள். நாலரை மாதத்தில் வாய்ப்புப் பெற்றவர்கள் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் முன்னேறினார்கள். மற்றவர்கள் அதே காலத்தில் கண்ட முன்னேற்றத்தோடு ஒப்பிட்டால் கணிதத்தில் இது ஏறக்குறைய இருமடங்கு. கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். இதில் கவனிக்க வேண்டியது, வாய்ப்புக் கிடைத்தும் எல்லோரும் ஒழுங்காக வரவில்லை, வருகை அறுபது விழுக்காட்டுக்கும் குறைவு என்பது. தொண்ணூறு நிமிட வகுப்பில் பாதிநேரம் மட்டுமே கணினி, மீதி நேரம் ஒரு பயிற்றுநர் சிறு குழுவாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தார் என்பதும். இரண்டில் எது எவ்வளவு செய்தது என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கும் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தைய வடோதரா ஆய்விலும், நான்காம் வகுப்புக் குழந்தைகள் வாரம் இரண்டு மணிநேரம் தத்தம் நிலைக்கேற்ற கணக்கு விளையாட்டுகளை ஆடியதில் முதலாண்டில் 0.35, இரண்டாமாண்டில் 0.47 திட்டவிலக்கம் முன்னேறினார்கள். பயிற்சி நின்று ஓராண்டான பிறகு அதில் சிறு பகுதியே எஞ்சியது. விட்டால் தேய்ந்துபோகும் ஆதாயம் இது.

படியைப் பார்க்காமல் கருவியை மட்டும் இறக்கிய இடங்களின் கதை வேறு. பெரு நாட்டில் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை 319 ஊரகப் பள்ளிகளில் ஆராய்ந்தபோது, ஒரு மாணவருக்கு ஒரு கணினிக்கும் மேலே கிடைத்திருந்தது. பதினைந்து மாதம் கழித்தும் கணிதத்திலோ மொழியிலோ எந்த முன்னேற்றமும் இல்லை. குஜராத்தில் லீ லிண்டன் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே மென்பொருள், பள்ளி நேரத்தில் ஆசிரியரின் பாடத்துக்குப் பதிலாகப் பயன்பட்டபோது மாணவர்கள் பின்தங்கினார்கள், பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதல் பயிற்சியாகப் பயன்பட்டபோது முன்னேறினார்கள். நல்ல ஆசிரியரின் நேரத்தைத் தின்னும் கருவி நட்டம். அவரால் எட்ட முடியாத நேரத்தை நிரப்பும் கருவி இலாபம். இதை விலைப்புள்ளி கோரும் அதிகாரிகள் எப்போதாவது கணக்கில் எடுக்கிறார்களா என்று எனக்கு ஐயம்.

தமிழ்நாட்டுக்குப் படி என்ற சிந்தனை புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், பெயரைக் கேட்டால் கைவேலைப் பாணி போலத் தோன்றும். அதன் உயிர்நாடி கற்றல் ஏணி. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த ஏணியில் ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் நின்று, தன் அட்டையை எடுத்து, முடித்ததும் அடுத்த படிக்குப் போகும். அதன் நிறைகுறைகள் தனியாகப் பேச வேண்டியவை. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அந்தச் சிந்தனையை வேறு வடிவில் மீட்டது: தொடக்கநிலையில் வகுப்பு எதுவானாலும் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த நிலைக்குரிய பயிற்சி நூலோடு உட்கார்கிறார்கள், மதிப்பீடு செயலியில் பதிவாகிறது. கருவியின் இடம் குழந்தையின் கண்முன் இல்லாமல் ஆசிரியரின் கையில் இருக்கிறது என்பதே இதில் எனக்குச் சரியாகப்படுவது. ஆனால் அங்கேதான் முட்டுக்கட்டையும். கல்வித்துறையின் ‘எமிஸ்’ இணையதளப் பதிவுக்கும் செயலி மதிப்பீட்டுக்கும் போகிற நேரம் கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து முறையிட்டு வந்திருக்கின்றன. அம்முறையீட்டைச் சோம்பல் என்று தள்ள முடியாது; லிண்டனின் ஆய்வு சொன்னதையே அவர்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள். மேலே புள்ளிவிவரமாகப் போகும் தகவல், மறுநாள் காலை யாருக்கு எந்தப் பயிற்சி என்று அதே ஆசிரியருக்குக் கீழே திரும்பி வரவில்லையென்றால், அதன் பெயர் கணக்கு ஒப்படைத்தல்; கற்பித்தல் அல்ல.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது ஆசிரியர்களுடையது: முப்பது ஆண்டு வகுப்பறையில் கண்ணால் கண்டதை ஆய்வு இல்லையென்று சொன்னால் எப்படி? கண்டது பொய்யல்ல. திணறிய குழந்தை படம் காட்டியதும் விளங்கிக்கொண்டதை ஆசிரியர் பார்த்திருக்கிறார். ஆனால் அது இரண்டாம் முறை கேட்டதால் விளங்கியதா, அந்தப் பாடத்துக்குப் படம் பொருத்தம் என்பதால் விளங்கியதா, உண்மையிலேயே அக்குழந்தையின் பாணியா என்பதை ஒரே குழந்தையை வைத்துப் பிரிக்க வழியில்லை. படம் காட்டாமலே மறுபடி சொல்லியிருந்தாலும் அது விளங்கியிருக்கலாம். ஒரே பொருளைப் பல வழியில் சொல்லும் ஆசிரியர் நல்ல ஆசிரியர்தான். எல்லா வழியும் எல்லாக் குழந்தைக்கும் போகட்டும். வழிவாரியாகக் குழந்தையைப் பிரிப்பதற்குத்தான் போதிய சான்று இல்லை.

நம்பினால்தான் என்ன கெட்டுப்போயிற்று, குழந்தையிடம் அக்கறை கூடுகிறதே என்பது இரண்டாவது மறுப்பு. கெடுகிறது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், கைவேலையால் கற்பவர் என்று விவரிக்கப்பட்ட குழந்தையைவிடப் பார்த்துக் கற்பவர் என்று விவரிக்கப்பட்ட குழந்தையே அறிவாளி என்று பெற்றோரும் ஆசிரியரும் குழந்தைகளுமே மதிப்பிட்டார்கள். அவர்களிடம் வேறெந்தத் தகவலும் இல்லை, பாணியின் பெயர் மட்டும்தான். நம் நாட்டில் கையால் உழைப்பவனைத் தாழ்வாகவும் ஏட்டைப் படிப்பவனை மேலாகவும் பார்க்கும் பழக்கம் எவ்வளவு பழையது, அது எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் மீது விழும் என்று நினைத்துப் பார்த்தால், ‘இவன் கைவேலைப் பிள்ளை’ என்ற முத்திரையை ஒரு செயலி அச்சடித்துத் தருவது சிறிய விஷயமாகப் படாது. ஹோவர்ட் கார்ட்னரின் பல்வகை அறிவுக் கோட்பாட்டை இதற்குத் துணைக்கு அழைப்பவர்கள், அது கற்றல் பாணி அல்ல என்று அவரே 2013-ல் எழுதி இரண்டையும் பிரித்துக் காட்டியதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது மறுப்பே கனமானது. பார்வையற்ற குழந்தை கேட்டுத்தானே கற்கிறது, செவித்திறன் குறைந்த குழந்தை பார்த்துத்தானே கற்கிறது, எழுத்துத் தடுமாற்றம் உள்ள குழந்தைக்கு ஒலிநூல் துணைதானே என்பார்கள். முழுக்க உண்மை. அங்கே கேட்பது விருப்பமோ பாணியோ அல்ல, உரிமை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. தொழில்நுட்பம் வகுப்பறைக்குத் தந்தவற்றுள் ஐயமின்றிப் பெரியது இக்குழந்தைகளுக்குத் திறந்துவிட்ட இந்த வழிகளே. ஆனால் பாணி பற்றிய பேச்சு இந்தக் குழந்தைகளை மறைத்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரு பாணி உண்டு என்று ஆகிவிட்டால், பார்வை இல்லாமை இன்னொரு பாணியாகிவிடும். எழுத்துத் தடுமாற்றம் உள்ள பிள்ளையைச் சோதனைக்கு அனுப்பாமல், ‘இவன் கேட்டுக் கற்பவன்’ என்று சொல்லி விட்டுவிடவும் வசதியாகிவிடும். நடைமுறையில் அவர்களுக்கு வேண்டியவை கவர்ச்சியற்ற சிறு வேலைகள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பயிற்சித்தாள்களைத் திரைவாசிப்பான் மென்பொருளால் படிக்க முடியாது. பார்வையற்ற மாணவர் காதில் விழுவது ஆங்கில எழுத்துகளின் குப்பை. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. ஒரு வினாத்தாளை யூனிகோடில் அடிப்பதும், கல்வித் தொலைக்காட்சியின் ஒரு பாடத்துக்குத் தமிழில் வசனவரி சேர்ப்பதும், பத்துப் பாணிப் பரிசோதனைகளைவிட மேலான வேலை.

கடைசி மறுப்பு என் வாதத்தின் மீதே திரும்புவது: அரும்பு என்று ஒரு குழந்தையைச் சொல்வதும் முத்திரைதானே? ஆம், கவனமில்லாவிட்டால் முத்திரையே. பாணிக்கும் படிக்கும் உள்ள வேறுபாடு, படி மாறும் என்பது. அது மாறாமல் ஆண்டு முழுக்க ஒரு குழந்தை அரும்பிலேயே இருந்தால், அந்த ஏணி உடைந்த ஏணி. நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு உவமைகளால் தரம் பிரித்திருக்கிறார். அந்தத் தரவரிசையும் இன்றைய வகுப்பறைக்கு ஆகாது. ஆனால் அதே பாயிரத்தில் அவர் சொல்லும் இன்னொன்று ஆய்வகத்திலிருந்து வந்தது போல இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கால்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் மீதி அரைப்பங்கு. 2006-ல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் ஒரு பத்தியைச் சிலரை இருமுறை படிக்கவைத்தார்கள். சிலரை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவைத்தார்கள். ஒரு வாரம் கழித்து முன்னவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு, பின்னவர்களுக்கு 56. உள்ளே போட்டதை வெளியே எடுக்கும் இந்தப் பயிற்சி பார்ப்பவர், கேட்பவர் என்று யாரையும் பிரிப்பதில்லை. கணினி சலிக்காமல் செய்யக்கூடிய வேலையும் இதுவே: மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை, மறக்கப்போகும் நேரம் பார்த்துக் கேள்வி கேட்பது.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். ‘கொ’ என்ற எழுத்தில் ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் கொம்பாக முன்னாலும் காலாகப் பின்னாலும் நிற்கிறது. இங்கே ஒரு குழந்தை ‘கொடி’யைக் ‘கெடி’ என்றோ ‘காடி’ என்றோ படித்தால், இரண்டும் வெவ்வேறு தவறுகள். முதலாமவள் காலைப் பார்க்கவில்லை. இரண்டாமவன் கொம்பைப் பார்க்கவில்லை. ‘கொடி’யைக் ‘கோடி’ என்று படிப்பவனுக்கு இரண்டும் தெரிகிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள குறில் நெடில் வேறுபாடுதான் பிடிபடவில்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பெண் சரியாகவே படித்துவிட்டு, கொடி என்றால் என்னவென்று தெரியாமல் நிற்கலாம். நான்கு பேருக்கும் வேண்டியவை நான்கு வெவ்வேறு பயிற்சிகள். நாற்பது பேரில் இந்த நால்வர் யார் யார் என்று காலை ஒன்பதரை மணிக்கு ஆசிரியரின் டேப்லட்டில் ஒரே பக்கத்தில் பெயரோடு தெரிந்தால், முதல் பாடவேளைக்குள் அவர்களைத் தனியாக உட்கார்த்திப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிடலாம். மற்ற முப்பத்தாறு பேருக்கும் அதுவரை பலகையில் ஒரு கணக்குப் போதும்.